பெட்டியைத் தேடி வந்தவர் எந்த ஊர்க்காரர்? கொடிப் படம், டிராவல் பக், காகித நோட்டு: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். இப்போது முக்கால்வாசி செம்பனை (எண்ணெய்ப் பனை). தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பாதி இடிந்துவிட்டன, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையில் ஒரு சுவர்தான் மிச்சம். அந்தச் சுவரோரம், நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி வாங்கி, நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜியோகேஷ் (ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் பெட்டி) வைத்தேன். நாலு பக்கமும் கவ்விப் பூட்டும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில், என் பாட்டி ரப்பர்ப் பால் எடுத்த காலத்து மங்கு (பால் வடியும் கிண்ணம்) ஒன்று.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் எடுத்துவிட்டது. உடனே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டுக்குள் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அங்கே ஆரம்பித்தது. இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கின்றன. கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இணையத்திலும் பதிவு செய்வார்.

பெட்டி வைத்த எல்லோருக்கும் சில மாதத்தில் ஒரு கேள்வி வரும்: வருகிறவர்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள்? எங்கள் ஊர் சுற்றுலாத் தலம் இல்லை. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அதனாலேயே எனக்கு அந்த ஆசை பலமாக இருந்தது. மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்.

முதலில் கொடிப் படம். பெட்டியின் இணைய விவரப் பக்கத்தில் ஒரு சின்னப் படத்தை ஒட்டிவிட்டால், அதைத் திறக்கிறவர்களின் ஐபி முகவரியை வைத்து நாடு வாரியாக எண்ணிக் கொடி காட்டும். இலவசம், ஐந்து நிமிட வேலை. என் தம்பி மகன் வாரா வாரம் வந்து புதுக் கொடி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பான். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது எண்ணுவது பக்கத்தைத் திறந்தவர்களை. தோட்டத்துக்கு நடந்து வந்தவர்களை அல்ல. இரண்டு வாரம் விடாமல் மழை பெய்து, தோட்டத்து மண் சாலையில் ஒரு சக்கரத் தடம்கூட இல்லாத நேரத்திலும் கொடிகள் ஏறிக்கொண்டே இருந்தன. இணையத்தை மேயும் தானியங்கி நிரல்களும் கணக்கில் சேரலாம். இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டிருந்தால் வேறு நாட்டுக் கொடி வரும். படம் இடையில் ஒரு சர்வர் வழியாகப் போனால் அந்த சர்வர் இருக்கும் நாடுதான் பதிவாகும். அப்புறம், ஈப்போவில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து பார்க்கும் ஜெர்மானியரும் மலேசியக் கொடிக்குள் போய்விடுவார். அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், தகவல் என்று நம்ப முடியாது.

இணையப் பதிவு போட்டவரின் பெயரைத் தட்டிப் பார்ப்பதும் உண்டு. ஊர்ப்பெயர் எழுதுவது அவரவர் விருப்பம், பலர் எழுதுவதில்லை. போன நாடுகளின் வரைபடத்தை அவர் திறந்து வைத்திருந்தால், எங்கே அதிகம் பெட்டி எடுத்திருக்கிறார் என்று பார்த்து ஊகிக்கலாம். ஊகம்தான். "எந்த நாடு என்று எழுதாவிட்டால் உங்கள் பதிவை நீக்கிவிடுவேன்" என்று பெட்டிக்காரர் மிரட்டவும் முடியாது. அப்படிக் கூடுதல் நிபந்தனை போடுவதை 2009-லேயே விளையாட்டின் விதிகள் நிறுத்திவிட்டன. எனக்கு அந்த விதி பிடிக்கும். தேடி வந்தவர் விருந்தாளி.

அடுத்தது டிராவல் பக். குறியீடு பொறித்த ஓர் உலோகத் தகடு, அதோடு கோத்த ஒரு பொருள். ஒருவர் எடுத்துப் போய் வேறு பெட்டியில் வைப்பார், இன்னொருவர் அங்கிருந்து எடுப்பார். ஒவ்வொரு கையும் இணையத்தில் பதிவு செய்யும்போது பயணத் தூரம் கூடும், வரைபடத்தில் கோடு நீளும்.

நான் முதலில் ஒரு ரப்பர் விதையைக் கோக்க நினைத்தேன். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் அடுத்த வருடம் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, போனால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படி வந்த விதையைத் திரும்ப உலகத்துக்கு அனுப்புவோம் என்று ஆசை. ஆனால் விதையை நாட்டு எல்லை தாண்டி அனுப்புவது தாவர நோய்த் தடுப்புச் சட்டங்களோடு மோதும், விட்டுவிட்டேன். சின்னப் பித்தளை மணியைக் கோத்தேன். மணி சிங்கப்பூர் போனது, அங்கிருந்து நெதர்லாந்து போனது, அப்புறம் சத்தமில்லை. யாரோ வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது போலும். டிராவல் பக் வைத்தவர்களுக்கு இந்த இழப்பு பழக்கமானது.

டிராவல் பக் தருவது பொருளின் பயணம். என் மணி எங்கே போனது என்று தெரியும். அதை எடுத்தவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியாது. பிறர் என் பெட்டியில் விட்டுப்போகும் தகடுகள் எங்கே புறப்பட்டன என்று படித்து மகிழலாம். இருந்தாலும் ஜெர்மனியில் கிளம்பிய தகட்டைக் கொண்டு வந்தவர் இங்கே பக்கத்துத் தைப்பிங்காரராகவே இருக்கலாம்.

சரி, காகித நோட்டுக்கு வருகிறேன். என் தேர்வு இதுதான், அதில் தயக்கம் இல்லை.

நோட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பெயர், தேதிக்குப் பக்கத்தில் "எந்த ஊரிலிருந்து?" என்று இன்னொரு பத்தி. தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன். கேட்டால் எழுதுகிறார்கள். கட்டாயம் இல்லாததால் இன்னும் மனசாரவே எழுதுகிறார்கள். பெட்டியைக் கையில் எடுத்தவர் மட்டும்தான் அதில் இருப்பார்.

கஷ்டம் உண்டு. பேராக்கின் ஈரத்தில் சாதாரணத் தாள் மூன்று மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். என் முதல் நோட்டை எறும்பு கூடு கட்டி அழித்தது, அதில் இருந்த ஊர்களெல்லாம் போயின. இப்போது நீர் புகாத தாள், இரட்டைப் பை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். பேனா மை கரைந்து ஓடும், பென்சில் நிற்கும். மாதம் ஒருமுறை போய்ப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்கிறேன். விரல் நுனி அளவு குட்டிப் பெட்டி வைப்பவர்களுக்கு இந்த வழி உதவாது, அந்தச் சுருளில் பெயருக்கே இடம் போதாது.

போன வருடம் ஒரு பக்கத்தில் பெர்த், ஆஸ்திரேலியா என்று ஒரு பையன் எழுதியிருந்தான். கீழே வேறு கையெழுத்து, தமிழில்: "பெர்த். ஆனால் இந்தக் கொட்டகையில்தான் என்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மா மரம் சீவப் போவார்." பால் மங்கை நகர்த்தி வைத்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பெர்த்தில் இருந்து பக்கத்தைத் திறந்திருந்தால், கொடிப் படத்துக்கு அந்தத் தமிழ் வரியை எழுதியவர் ஓர் ஆஸ்திரேலியர். கணக்குப்படி அது தவறும் இல்லை. ஆனால் எங்கள் மாதிரி ஊரில் "எங்கிருந்து வருகிறீர்கள்" என்ற கேள்விக்கு ஒரு பதில் போதாது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். ஆனாலும் வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் இன்னும் பலர் கிளம்பினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் பெர்த்திலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

இந்த மாதம் புது நோட்டு வைக்கப் போகிறேன். அதில் ஊருக்கு இரண்டு பத்தி இருக்கும்: "இப்போது எந்த ஊர்?", "முன்பு எந்தத் தோட்டம்?" இரண்டாவதை வெளிநாட்டுப் பயணிகள் வெறுமையாக விட்டுப் போகலாம். அந்தத் தமிழ் வரியை எழுதியவரைப் போல இன்னொருவர் வந்தால் எழுத இடம் இருக்கும்.