1978 யுனிக்ஸ் ஸ்பெஷல் இஷ்யூ: வெளிநாட்டுல வாங்கினதும் வேலூர்ல பைண்டிங் போட்டதும்

பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல், 1978 ஜூலை-ஆகஸ்ட், வால்யூம் 57, நம்பர் 6, பார்ட் 2. இந்த வரிய அப்படியே எழுதி வச்சிக்கோங்க. அதுலயும் அந்த பார்ட் 2-ங்கறத அடிக்கோடு போட்டு வச்சிக்கோங்க, ஏன்னா நான் 4,600 ரூபா குடுத்து ஏழு வாரம் காத்திருந்து வாங்கினது பார்ட் 1.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். யுனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) 1969-ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு பிடிபி-7 கம்ப்யூட்டர்ல பொறந்துச்சு, 1973-ல அதோட கெர்னல, அதாவது மையப் பகுதிய, சி மொழியில திருப்பி எழுதினாங்க, 1974 ஜூலையில அத உருவாக்கின டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்ஸனும் எழுதின கட்டுரை ஏசிஎம்ங்கற கம்ப்யூட்டர் சங்கத்தோட பத்திரிகையில வந்து வெளி உலகத்துக்கு தெரிஞ்சுது. அப்புறம் 1978-ல பெல்லோட சொந்த ஜர்னல் ஒரு முழு இஷ்யூவையும் யுனிக்ஸுக்கே ஒதுக்குச்சு. செஞ்சவங்களே உக்காந்து எப்படி செஞ்சோம், ஏன் இப்படி செஞ்சோம், எங்க சரியில்லைனு எழுதின கிட்டத்தட்ட இருபது கட்டுரை, எல்லாம் ஒரே அட்டைக்குள்ள. நான் பாலிடெக்னிக் பசங்களுக்கு ஓஎஸ் பாடம் எடுக்கறவன், பாடப்புக்குல ரெண்டு வரியில முடிச்சிடற விஷயத்துக்கு மூலம் இதுலதான் இருக்குன்னு தெரிஞ்சதுல இருந்து இது பேப்பர்ல கையில வேணும்னு ஒரே ஆசை.

மொதல்ல வெளிநாட்டுல பழைய புக்கு விக்கிற ஒருத்தர் கிட்ட ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். போட்டிருந்த படத்துல முன்னட்ட மட்டும்தான், மாசமும் வருஷமும் சரியா இருந்துச்சு, நானும் நம்பி பணத்த கட்டிட்டேன். புக்குக்கு எவ்ளோ காசோ அதே அளவு தபால் செலவு. ஏழு வாரம் கழிச்சு சத்துவாச்சாரி வீட்டுக்கு போஸ்ட்மேன் கொண்டாந்து குடுத்தாரு, பேக்கிங்ல குறை சொல்ல முடியாது, அட்டை போட்டு பபிள் சுத்தி நல்லாதான் அனுப்பிருந்தாங்க. பிரிச்சு பொருளடக்கத்த பாக்கறேன், ரிட்சியும் இல்ல தாம்ஸனும் இல்ல. அந்த ரெண்டு மாச இஷ்யூ ரெண்டு பார்ட்டா வந்திருக்கு, பார்ட் 1-ல ஜர்னல் வழக்கமா போடற மத்த ஆராய்ச்சிக் கட்டுரைங்க, பார்ட் 2 தான் யுனிக்ஸ். மெயில் போட்டு கேட்டா ரெண்டு வாரம் பதிலே இல்ல, அப்புறம் பாதி பணம்தான் திருப்பி வந்துச்சு, தபால் செலவு போனது போனதுதான். ஏமாத்தணும்னு செஞ்சாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா யுனிக்ஸ்னு எழுதி வித்துட்டு வேறத அனுப்பினா அந்த தப்ப முழுசா ஏத்துக்கணும் இல்ல. எனக்கு மனசு ஆறவே இல்ல.

அதனால வெளிநாட்டுல வாங்கறவங்க பொருளடக்கப் பக்கத்தோட போட்டோ கேக்காம காசு கட்டாதீங்க. பக்க நம்பர பாத்தாலே தெரிஞ்சிடும், ரிட்சி-தாம்ஸன் கட்டுரை 1905-ம் பக்கத்துல ஆரம்பிக்கும், ஷெல்ல (நாம அடிக்கற கமாண்ட வாங்கி ஓட்டற ப்ரோக்ராம்) பத்தி போர்ன் எழுதின கட்டுரை 1971-ம் பக்கத்துல. இன்னொரு வழியும் இருக்கு, 1987-ல பிரென்டிஸ் ஹால் இந்த இஷ்யூவையும் 1984-ல வந்த ரெண்டாவது யுனிக்ஸ் இஷ்யூவையும் 'யுனிக்ஸ் சிஸ்டம் ரீடிங்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்'னு ரெண்டு வால்யூம் புக்கா போட்டாங்க, செகண்ட் ஹேண்ட்ல ஜர்னல தேடறத விட இந்தப் பேர்ல தேடறது சுலபம்.

நான் கடைசியா போன வழி வேற. இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இணைய நூலகத்துல இந்த ஜர்னலோட ஸ்கேன் கட்டுரை கட்டுரையா இலவசமா இருக்கு. ஃபைல் பேருலயே வால்யூம், நம்பர், பக்கம் எல்லாம் வரும், பிஎஸ்டிஜே 57-6-1905 அப்படின்னு. ஒவ்வொண்ணா இறக்கி பக்க நம்பர் வரிசையில அடுக்கினா மொத்தம் 400 பக்கத்த ஒட்டி வருது. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்தேன், மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

அத எடுத்துக்கினு மொதல்ல காலேஜ் பக்கத்துல ஒரு கடைக்கு போனேன், கடை பேரு வேணாம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சீசன், கூட்டம் தாங்கல, பையன் பென்டிரைவ வாங்கி எதுவும் கேக்காம டகடகன்னு ஏ4-ல பெருசா அடிச்சு சூடா பசை ஒட்டி அட்டை போட்டு குடுத்துட்டான். பாக்க பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ஷெல் கட்டுரைய தொறந்தா பேக்டிக் எது சிங்கிள் கோட் எதுன்னே தெரியல, ரெண்டும் ஒரே கரும்புள்ளி. ஷெல்ல படிக்கறவனுக்கு அதுதான உயிர்! பேக்டிக் போட்டா உள்ள இருக்கற கமாண்ட ஓட்டி அதோட அவுட்புட்ட அங்க வைக்கும், சிங்கிள் கோட் போட்டா எழுத்து அப்படியே நிக்கும், ரெண்டும் நேரெதிர். மிஷின வெறும் கருப்பு-வெள்ளை டெக்ஸ்ட் மோடுல வச்சு அடிச்சதால மெலிசான கோடெல்லாம் ஒண்ணு காணாம போயிருக்கு இல்லன்னா தடிச்சுப் போயிருக்கு. அதுக்கு மேல நம்ம ஊர் வெயில். ஏப்ரல் கடைசியில வண்டி பெட்டிக்குள்ள ஒரு நாள் வச்சிருந்தேன், பசை இளகி நடுவுல பக்கம் எல்லாம் கையோட வந்துடுச்சு. 650 ரூபா.

அப்புறம்தான் ஒரு ஃப்ரெண்டு சொல்லி காந்தி ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல இருக்கற கடைக்கு போனேன். இந்த ரிவ்யூவே அந்தக் கடைக்காகத்தான், ஆனா விளம்பரம் வேணாம்னு அண்ணன் சொல்லிட்டதால பேரு போடல. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற வெளியூர்க்காரங்க ரிப்போர்ட்டும் ஆதாரும் ஜெராக்ஸ் எடுக்கற கூட்டம் முன்னாடி நிக்கும், போர்டுல பெங்காலி கூட எழுதிருக்கும், ஆனா உள்ள போனா பழைய கட்டிங் மிஷின், மர ப்ரெஸ்ஸு, நூல்கண்டு, காலிகோ துணி சுருள் எல்லாம் இருக்கு. கோர்ட் கணக்குப் புக்கு, பள்ளிக்கூட ரிஜிஸ்டர் எல்லாம் கட்டின கை அவருது.

ஸ்கேன பிரிண்ட் பாத்துட்டு அவர் கேட்ட மொத கேள்வி, "இன்னா சார் இது, மொதத் தாளே ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம்னு கீது, முன்னாடி பக்கமெல்லாம் எங்க?" ஒரு வருஷம் பூரா வர்ற இஷ்யூவுக்கு பக்க நம்பர் தொடர்ச்சியா ஓடும்ணா, இது வருஷத்து நடுவுல வந்ததுன்னு சொன்னேன். "அப்ப சரி, விட்டுப்போச்சுன்னா சேத்து கட்டிட்டு அப்புறம் பிரிக்கறது கஷ்டம், அதான் கேட்டேன்"னாரு. நாலு வருஷமா தேடறேன், என்னைத் தவிர இந்தப் புக்கு மேல அக்கறைப்பட்ட மொத ஆள் அவர்தான்.

அளவு விஷயத்துலயும் அவர் சொன்னதுதான் சரியா வந்துச்சு. ஜர்னல் ஒரிஜினல் சைஸ் சுமார் ஆறுக்கு ஒம்போது இன்ச், அத ஏ4-ல பெருசாக்கினா எழுத்து ஊதிப் போய் புள்ளி புள்ளியா தெரியும். ஏ4 தாள நடுவுல மடிச்சா ஏ5, ஒரிஜினல விட கொஞ்சம் சின்னது, எழுத்து கூரா நிக்கும். மடிச்சு நூல் போட்டு தைக்கணும்னா நாலு தாள் ஒரு கட்டு, அதுல 16 பக்கம். அதுக்கு பக்கத்த எல்லாம் முன்னபின்ன மாத்தி அடுக்கணும், அது அவர் மிஷின்ல வராது, "நீங்களே அடுக்கி கொண்டாந்துடுங்க சார்"னுட்டாரு.

வீட்டுல லினக்ஸ்ல அத செஞ்சேன். பிடிஎஃப்யுனைட்டுல எல்லா ஃபைலையும் ஒண்ணாக்கி, பிடிஎஃப்டூபிஎஸ்ல போஸ்ட்ஸ்கிரிப்ட்டா மாத்தி, அத பைப் போட்டு (ஒரு ப்ரோக்ராமோட அவுட்புட்ட அப்படியே அடுத்ததுக்கு இன்புட்டா விடறது) பிஎஸ்புக்குக்கு 16 பக்க கட்டுன்னு சொல்லி அனுப்பி, அங்க இருந்து பைப் போட்டு பிஎஸ்நப்புக்கு தாளுக்கு ரெண்டு பக்கம்னு அனுப்பி, பிஎஸ்டூபிடிஎஃப்ல திருப்பி மாத்தினா கடைசியில பிடிஎஃப் வந்து நிக்குது. ஒரு ப்ரோக்ராம் சேக்குது, ஒண்ணு மாத்துது, ஒண்ணு அடுக்குது, ஒண்ணு சுருக்குது, எதுக்கும் அடுத்தது யாருன்னு தெரியாது. பெல் லேப்ஸ்ல இருந்த மெக்கில்ராய் 1964-லயே ப்ரோக்ராம்கள தோட்டத்து ஹோஸ் மாதிரி ஒண்ணோட ஒண்ணு திருகி மாட்டற வழி வேணும்னு எழுதி வச்சாரு, இந்த இஷ்யூவோட முன்னுரையில அவரும் கூட இருந்தவங்களும் அதையேதான் சொல்றாங்க: ஒவ்வொரு ப்ரோக்ராமும் ஒரு வேலைய உருப்படியா செய்யட்டும், அதோட அவுட்புட் நாளைக்கு இன்னும் பேரு கூட தெரியாத ஒரு ப்ரோக்ராமுக்கு இன்புட்டா போகும்னு நெனச்சு எழுதுங்கன்னு. அந்த முன்னுரை இருக்கற புக்க அந்த முறையிலயே அச்சுக்கு தயார் பண்றேன்ங்கறது கமாண்ட் ஓடி முடிஞ்சப்பதான் உறைச்சுது, அப்படியே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

திரும்ப போனப்ப அண்ணன் மொத்தமா அடிக்கல. நாலே தாள அடிச்சு, மடிச்சு, நகத்தால மடிப்ப அழுத்தி, பக்கத்த ஒவ்வொண்ணா திருப்பி நம்பர் வரிசையா ஓடுதான்னு பாத்தாரு, ரெண்டாம் பக்கம் தலைகீழா வந்திருந்துச்சு, பிரிண்டர்ல ஷார்ட் எட்ஜ் ஃப்ளிப்னு மாத்தினதும் சரியாச்சு. டெக்ஸ்ட் மோடுக்கு பதிலா போட்டோ மோடுல வச்சாரு, பின்னணி லேசா சாம்பல் தட்டுது ஆனா பேக்டிக் பேக்டிக்கா இருக்கு. 75 ஜிஎஸ்எம் தாள், 26 கட்டு, ஒவ்வொண்ணும் நூல் தையல், முதுகுல துணி, மேல கருநீல காலிகோ அட்டை. நாலு நாள் ஆச்சு. பிரிண்ட் 320, பைண்டிங் 240, ஆக 560 ரூபா. முதுகுல தங்க எழுத்து போட இன்னொரு கடைக்கு அனுப்பணும்னாரு, நான் வேணாம்னுட்டேன். டேபிள் மேல தொறந்து வச்சா தட்டையா கெடக்குது, கைய வச்சு அமுக்க வேண்டியதில்ல, பக்கத்துல நோட்டு வச்சு எழுதறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

குறைன்னு பாத்தா ஒண்ணு இருக்கு, உள் மார்ஜின் பத்தல. தைக்கற பக்கம் எழுத்து கொஞ்சம் மடிப்புக்குள்ள போகுது. அது என் தப்பு, அடுக்கும்போதே பக்கத்த அரை சென்டிமீட்டர் வெளிய தள்ளிருக்கணும், செய்யறவங்க மறக்காதீங்க.

இனி உள்ள இருக்கறது. எல்லாருக்கும் எல்லா கட்டுரையும் தேவைப்படாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் டயக்னாஸ்டிக்ஸ், நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர் இதெல்லாம் அந்தக் காலத்து பெல் கம்பெனி வேலை, நான் புரட்டிட்டு விட்டுட்டேன். சி மொழிய பத்தின கட்டுரையும், இன்டர்டேட்டா 8/32 மிஷினுக்கு யுனிக்ஸ கொண்டுபோன கதையும் நல்ல வாசிப்பு. ரிட்சி தனியா எழுதின 'ரெட்ராஸ்பெக்டிவ்' எனக்கு ரொம்ப பிடிச்சுது, தான் செஞ்சதோட பலத்தையும் பலவீனத்தையும் தொடவே தொடாத இடத்தையும் அவரே நேரா எழுதறாரு, அந்த மாதிரி எழுத மனசு வேணும்.

ஆனா ஒண்ணே ஒண்ணு படிக்க நேரம் இருக்குன்னா 1931-ம் பக்கத்துல ஆரம்பிக்கற தாம்ஸனோட 'யுனிக்ஸ் இம்ப்ளிமென்டேஷன்' படிங்க, பதினாறே பக்கம். கெர்னல் மொத்தமே சி-ல சுமார் 10,000 வரி, அசெம்ப்ளி மொழியில சுமார் 1,000 வரி, அந்த ஆயிரத்துல 800 வரி சி-ல செய்யவே முடியாத ஹார்டுவேர் வேலைக்கு, 200 வரிதான் வேகத்துக்காகன்னு கணக்கு குடுக்கறாரு. ஐநோட் (ஒரு ஃபைலோட விவரமும் அது டிஸ்க்குல எந்தெந்த பிளாக்ல, அதாவது துண்டுல, இருக்குங்கறதும் வச்சிருக்கற பதிவு) பத்தின பகுதிய நான் கிளாஸ்ல அப்படியே எடுத்தேன். ஐநோட்ல 13 முகவரி, மொத 10 நேரா ஃபைலோட பிளாக்க காட்டும், 11-வது 128 முகவரி இருக்கற ஒரு பிளாக்க காட்டும், 12-வது அப்படிப்பட்ட 128 பிளாக்க, 13-வது இன்னொரு படி மேல. பிளாக்குக்கு 512 பைட். போர்டுல பசங்களையே கூட்ட விட்டேன், 10, 128, 16,384, 20,97,152, மொத்தம் 21,13,674 பிளாக், அத 512-ஆல பெருக்கினா 108,22,01,088 பைட். கடைசி பெஞ்சுல ஒரு பையன் போன்ல பெருக்கிட்டு சத்தமா சொன்னான். நான் புக்க தொறந்து அதே நம்பர் அச்சுல இருக்கறத காட்டினேன், எழுந்து வந்து விரல வச்சு ஒவ்வொரு எண்ணா ஒத்துப் பாத்தான். வருஷம் பூரா நான் எடுத்த பாடத்துல அவன் எழுந்து முன்னாடி வந்தது அன்னிக்குத்தான். இதுக்காகவே 560 ரூபா தகும்.

அந்த 4,600 ரூபா பார்ட் 1-ஐ திருப்பி அனுப்பல, அலமாரியில இருக்கு, யாராவது வேலூர்ல அதையே தேடிக்கினு இருந்தா வந்து சும்மா வாங்கிக்கோங்க. அடுத்து 1984 அக்டோபர் இஷ்யூவுக்கு ஃபைல் இறக்கிக்கினு இருக்கேன், அதுவும் வால்யூம் 63 நம்பர் 8 பார்ட் 2, அப்ப ஜர்னல் பேரே ஏடி அண்ட் டி பெல் லேபரட்டரீஸ் டெக்னிக்கல் ஜர்னல்னு மாறிடுச்சு, தேடும்போது இந்தப் பேரையும் போட்டு தேடுங்க. அண்ணன் கிட்ட போன்ல சொல்லிட்டேன், காலிகோ அதே கருநீலம் கொஞ்சம் எடுத்து வச்சிருக்காராம், இந்த தடவை மார்ஜின் விட்டு கொண்டாங்கன்னாரு.