காட்டுப் பொயிலைப் பைக்கற்: வாங்க முன் தாளில் கொட்டிப் பாருங்கள்

வவுனியாவில் ஒரு மருந்துச் சரக்குக் கடையில் காய்ந்த காட்டுப் பொயிலை இலையை 50 கிராம் பைக்கற்றாக விற்கிறார்கள். மேலே 'வன்னிக் காட்டு மூலிகை' என்று அச்சடித்திருக்கிறது. பிழை அங்கேயே தொடங்குகிறது. காட்டுப் பொயிலை (தாவரப் பெயர் லொபீலியா நிகோட்டியானிஃபோலியா) குளிர் மலைச் செடி. ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, குழல் போன்ற தண்டின் நுனியில் வெளிறிய பூங்கதிரோடு நிற்கும். பாலையும் வீரையும் நிற்கிற வன்னிக் காட்டில் அதற்கு வேலை இல்லை.

வெள்ளைத் தாளில் கொட்டினால் இரண்டு வகை இலை. ஒடுங்கி நீண்டு, காம்பு இல்லாத குறையாய், ஓரம் நுண்பல்லாக இருப்பது சரியான சரக்கு. மற்றது அகலம், அடிப்பக்கம் பஞ்சு பூசினது போல வெளுத்திருக்கிறது, தேய்த்தால் சுணை உதிர்கிறது. அது சுண்டை இனத்து இலை, கலப்படம். நெடியை நம்ப முடியாது: காட்டுப் பொயிலைத் தூளும் தோட்டத்துப் பொயிலைத் தூளும் மூக்கையும் தொண்டையையும் ஒரே மாதிரித்தான் அரிக்கும். நடு நரம்பை முறித்துப் பாருங்கள். 'டக்' என்று ஒடிய வேணும், இதில் வளைகிறது. ஈரம் போகாமல் கட்டியதால் அடியில் பூஞ்சணம்.

இதைவிட மோசம், பின்பக்கத்தில் போட்டிருக்கும் செய்முறை: 'ஒரு கைப்பிடி அவித்து இரு வேளை குடிக்கவும்.' முட்டுக்கும் (ஆஸ்துமா) இருமலுக்கும் இந்த இலையைப் பரியாரிமார் கொடுத்தது உண்மை, வேரைத் தேள்கடிக்கும் எடுத்தார்கள். ஆனால் இதிலுள்ள லொபெலின் என்ற இரசாயனம், பொயிலையின் நிக்கொட்டின் தொடுகிற அதே இடங்களைத்தான் உடம்பில் தொடும். அளவு கூடினால் எச்சில் ஊறும், வாந்தி, வியர்வை, நடுக்கம், கடைசியில் வலிப்பு. கைப்பிடி என்பது ஆளுக்கு ஆள் வேறு. தராசில் நிறுக்காத இலையை உள்ளுக்கு எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள், பிள்ளைகள், இருதய வருத்தக்காரர் கிட்டவே போக வேண்டாம். முட்டுக்குப் பம் (இன்ஹேலர்) அடிக்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இதைக் குடிப்பது விளையாட்டல்ல.

'சிகரெட் மறக்கவும் உதவும்' என்ற வரியும் இருக்கிறது. லொபெலின் கலந்த அப்படியான மருந்துகளை, பலன் நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1993இலேயே கடையிலிருந்து எடுக்க வைத்தது.

இந்தப் பைக்கற்றுக்கு என் புள்ளி ஐந்துக்கு ஒன்று, அதுவும் சரியான இலை பாதியாவது இருப்பதற்காக. அதே கடையில் ஆடாதோடை இலை பச்சை மாறாமல், சருகாய் முறிகிற பதத்தில் கிடைக்கிறது. இருமலுக்கென்று போனவர்கள் அதை வாங்கிக்கொண்டு, முட்டு என்றால் அரச சித்த வைத்தியசாலையில் காட்டலாம்.