பூங்கா, நீச்சல்குளப் பணி: ஊழியரா, சுயதொழிலரா?

சிங்கப்பூரில் பூங்காப் பராமரிப்பு, நீச்சல் பயிற்சி போன்ற பணிகளுக்கு ஊழியராகவும் சேரலாம், சுயதொழிலராகவும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதால் பலர் தயங்குகின்றனர்.

ஓய்வுக்காலச் சேமிப்பு: 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரரான ஊழியர் மாதம் 750 வெள்ளிக்கு மேல் ஈட்டினால், பகுதிநேரப் பணியானாலும், முதலாளி 17 விழுக்காட்டையும் ஊழியர் 20 விழுக்காட்டையும் மத்திய சேமநிதியில் செலுத்தவேண்டும். சுயதொழிலருக்கோ, ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பு மட்டுமே கட்டாயம். சுயதொழிலரின் மணிக்கட்டணம் கவர்ச்சியாகத் தெரிவதற்கு இதுவே பாதிக் காரணம் என்பேன்.

விடுப்பு: மூன்று மாதம் பணியாற்றிய ஊழியருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு; சுயதொழிலருக்கு இல்லை.

வேலைக்காயம்: ஊழியருக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு, சுயதொழிலர் சொந்தமாகக் காப்புறுதி எடுக்கவேண்டும்.

வகைப்பாடு: ஒருவர் ஊழியரா, சுயதொழிலரா என்பதை ஒப்பந்தத்தின் தலைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, வேலைநேரத்தை யார் வகுக்கிறார், புல்வெட்டும் இயந்திரம் யாருடையது, நட்டத்தை யார் ஏற்கிறார் என்பவையே பார்க்கப்படும். ஆகவே, ஊழியரைப்போல நடத்திவிட்டுச் 'சுயதொழிலர்' என்று எழுதி வாங்குவது முதலாளி சேமநிதிச் சந்தா செலுத்தும் கடமையை நீக்காது.

ஒரே இடத்தில் நிலையாகப் பணியாற்ற விரும்புபவருக்கு ஊழியர் நிலையே ஏற்றது. பல குளங்களில் கற்பித்து, தம் கட்டணத்தைத் தாமே வகுத்து, சேமநிதியில் விருப்பத்தின்பேரில் பணம் போடும் சுயகட்டுப்பாடும் உள்ள பயிற்றுநருக்கே சுயதொழில் பொருந்தும்.