ஹாட் டப் புரோமின் ஸ்டார்ட்டர் கிட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஹாட் டப் என்ற வெந்நீர்க் குளியல் தொட்டியில் கிருமியைக் கொல்லும் புரோமினுக்கான ஸ்டார்ட்டர் கிட் இது. எந்த பிராண்ட் எடுத்தாலும் இந்த டப்பாவுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: சோடியம் புரோமைடு ஒரு பாட்டில், ஷாக் என்ற பெயரில் பொட்டாசியம் மோனோபெர்சல்ஃபேட், புரோமின் மாத்திரை, அதைப் போட ஒரு மிதவை, பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, ஆல்கலினிட்டி (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் தன்மை) பொடி, கடைசியாகத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப். புரோமினை உண்டாக்கும் சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளந்து பார்க்கக் கொடுத்திருப்பதுதான் மட்டம்.

டப்பாவைத் திறந்ததும் எல்லாருக்கும் கை மாத்திரைக்குத்தான் போகும். மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டியது சோடியம் புரோமைடு. புரோமைடு தானாகக் கிருமியைக் கொல்லாது, தண்ணீரில் சும்மா கிடக்கும். ஷாக் பொடி பட்டதும் புரோமினாக மாறும், வேலை முடிந்ததும் திரும்பப் புரோமைடாகிவிடும், அடுத்த ஷாக்கில் மறுபடி எழும். இந்த இருப்பு இல்லாமல் மிதவையை மட்டும் இறக்கிவிட்டால், மாத்திரை கரைந்து கரைந்து இருப்பு சேர வாரக்கணக்காகும். 1,200 லிட்டர் தொட்டிக்கு 45 கிராம் போட்டால் கிட்டத்தட்ட 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) புரோமைடு சேரும். ஒரு நிரப்புக்கு ஒரு தடவை போட்டால் போதும்.

அதற்கு முன்னால் ஆல்கலினிட்டியைச் சரிசெய்துவிட வேண்டும். பிஎச்சை முதலில் தொட்டால் இரண்டு வேலை. மாத்திரையும் ஷாக் பொடியும் அமிலத்தன்மை கொண்டவை, நாளாக ஆக இரண்டும் ஆல்கலினிட்டியைத் தின்றுகொண்டே வரும். அதனால் 100 பிபிஎம் அளவில் தொடங்குவது நல்லது. கிட்டில் வரும் ஆல்கலினிட்டி பொடி வேறொன்றுமில்லை, சமையல் சோடாதான். 1,200 லிட்டருக்கு 20 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். தீர்ந்துபோனால் அதே பெயரில் மறுபடி வாங்க வேண்டாம், மளிகைச் சோடா போதும். பிஎச் ஏற்றும் பொடியும் பெரும்பாலும் பாட்டிலிலேயே கட்டிப்போய்க் கிடக்கும். ஆல்கலினிட்டி சரியாக இருந்து பிஎச் மட்டும் 7.2-க்குக் கீழே இருந்தால், காற்று வால்வைத் திறந்துவிட்டு ஜெட்டை அரை மணி நேரம் ஓட விடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற, பிஎச் தானாக ஏறும். இந்த ஒரு வரியைப் பல கிட்டுகளின் கையேடு அச்சடிப்பதில்லை.

பிஎச் 7.8-ஐத் தொட்டுவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. பிஎச் 8-லும் புரோமினில் முக்கால்வாசிக்கு மேல் கிருமியைக் கொல்லும் வடிவிலேயே இருக்கும். குளோரினில் கால்வாசிகூடத் தேறாது. ஆனால் ஹீட்டரில் சுண்ணாம்பு படிவது வேறு விஷயம், அதற்காகவாவது இறக்கி வையுங்கள்.

ஷாக் பொடி நன்றாக வேலை செய்கிறது. சுத்தமான தண்ணீரில் 30 கிராம் போட்டால் இதே தொட்டியில் புரோமின் 10 பிபிஎம் வரை போகும். குளித்து முடித்த பின் 10 கிராம் வழக்கமாகப் போதும். மணமில்லாத 6 சதவீத வீட்டு பிளீச்சும் இதே வேலையைச் செய்யும்: 20 மி.லி. ஊற்றினால் புரோமின் இரண்டு பிபிஎம்முக்குச் சற்று மேல் ஏறும். பிளீச் பிஎச்சை அவ்வளவாக இறக்காது, ஆகவே அந்த வழிக்குப் போகிறவர்கள் ஆல்கலினிட்டியை 60 அளவில் வைத்துக்கொள்ளலாம். எதைப் போட்டாலும் பம்பு ஓட, மூடியைக் கால் மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும். உடனே மூடினால் எழும் வாயு மூடியின் அடிப்பக்க வினைலை அரித்துவிடும்.

இனி ஸ்ட்ரிப். ஹாட் டப்பில் புரோமின் 4 பிபிஎம்முக்குக் கீழே இறங்கக் கூடாது. 8-ஐத் தாண்டவும் தேவையில்லை. இந்த இடைவெளியில்தான் ஸ்ட்ரிப்பின் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. 5-க்கும் 10-க்கும் வித்தியாசம் ஒரு சாயல்தான், மாலை வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டால் மிச்ச ஸ்ட்ரிப்பும் போச்சு. அதே காசுக்கு மேல் கொஞ்சம் போட்டு, டிபிடி என்ற நிறம் காட்டும் பொடியும் சொட்டு மருந்தும் வரும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். 25 மி.லி. தண்ணீரில் பொடியைப் போட்டால் இளஞ்சிவப்பாகும், அது தெளியும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும், ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம். கிட் குளோரினுக்கு அளவிடப்பட்டதாக இருந்தால் வரும் எண்ணை 2.25-ஆல் பெருக்குங்கள். பிஎச் பார்க்கும் பீனால் ரெட் திடீரென்று ஊதாவாக நின்றால் பிஎச் எகிறிவிட்டதென்று அமிலத்தைக் கொட்டாதீர்கள். ஷாக் போட்ட கையோடு புரோமின் அதிகமாக இருக்கும்போது அந்தச் சாயமே மாறிவிடும். புரோமின் இறங்கட்டும், பிறகு பாருங்கள்.

மிதவை மலிவு பிளாஸ்டிக், ஆனாலும் குறையில்லை. துளையைக் குறைந்த அளவில் திறந்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை அளந்து கூட்டுங்கள். 40 டிகிரி தண்ணீரில் மாத்திரை வேகமாகக் கரையும். குளிக்கும்போது வெளியே எடுத்துவிடுங்கள். மாத்திரையைத் தொட்டிக்குள் நேராகப் போட்டால் அது கிடக்கும் இடத்தில் அக்ரிலிக் வெளுக்கும். வடிகட்டிக் கூண்டில் போட்டால் பம்பு நிற்கும் நேரத்தில் அங்கேயே செறிவு ஏறி ரப்பர் பாகங்களைக் கெடுக்கும்.

சில கையேடுகள் சிறிய எழுத்தில் ஒதுக்கிவிடும் எச்சரிக்கை ஒன்று உண்டு. புரோமின் மாத்திரை வைத்த மிதவையில் குளோரின் மாத்திரை போடவே கூடாது. புரோமின், குளோரின் பொடிகள் இரண்டும் ஒரே கரண்டியில் படக்கூடாது. இரண்டும் ஈரத்தோடு கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

கால்சியத்துக்கு இந்தக் கிட்டில் எதுவுமே இல்லை. மென்னீர் (கால்சியம் குறைந்த தண்ணீர்) நிரப்பினால் நுரை தள்ளும். கால்சியம் குளோரைடு தனியாக வாங்கி 150 பிபிஎம் வரை ஏற்றுங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் தண்ணீரை மாற்றும்போது முழுக் கிட்டையும் திரும்ப வாங்க வேண்டியதில்லை. சோடியம் புரோமைடு மட்டும் சில்லறையாகக் கிடைக்கும்.