பங்குக் கிணறுகளும் கியூஜிஐஎஸ் மென்பொருளும்

உதவி நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள், கணினியில் வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளைப் பற்றிப் பேசினால் முதலில் சொல்வது, அது இலவசம் என்பதைத்தான். எனக்கு அது இரண்டாம்பட்சம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிணறுகளையும் மலசலகூடங்களையும் வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. முன்பு இதே வேலைக்குப் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. கொடையாளரின் திட்டம் முடிந்ததும் உரிமமும் முடிந்தது. பிறகு யாராவது வந்து தகவல் கேட்டால், சுவரில் ஒட்டியிருந்த அச்சுப் படத்தைக் காட்டுவோம். அதைத் திருத்தவும் வழியில்லை. 2002 இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் பொது உரிமத்தில் வெளிவருவது. யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். திட்டம் போனாலும் வரைபடம் எங்களிடமே இருக்கும்.

நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பங்குக் கிணறுகள்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நீரைத்தான் அள்ளுகிறோம். ஆனால் வெளிநாட்டில் தயாராகி வரும் கணக்கெடுப்புப் படிவங்கள் வீட்டை நடுவில் வைத்துக் கேட்கும்: உங்கள் கிணறு எங்கே, எத்தனை அடி ஆழம்? இங்கே எத்தனை பேருக்குத் தனிக் கிணறு இருக்கிறது? ‘கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்’ என்று காணி உறுதியில் எழுதி, தலைமுறை தலைமுறையாகச் சீதனம் கொடுத்ததில் ஒரே கிணற்றுக்கு ஐந்து பங்குக்காரர் இருப்பார்கள். வீடு வீடாகப் போய் நிரப்பினால் அந்தக் கிணறு ஐந்து கிணறுகளாகிவிடும். குடிநீர் தாராளமாக இருப்பதாக அறிக்கை போகும். கியூஜிஐஎஸ்ஸில் கிணறுகளை ஓர் அடுக்காகவும் வீடுகளை இன்னோர் அடுக்காகவும் வைத்து, ஒன்றுக்குப் பல என்ற உறவால் இரண்டையும் இணைக்கலாம். கிணற்றின் புள்ளியைத் தொட்டால் பங்குக்காரர் எல்லோரும் படிவத்தின் கீழே வரிசையாக வருவார்கள். அமைக்கும் இடம் அமைப்புப் பட்டியலில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. முதல் தடவை பொறுமை வேண்டும்.

அடுத்தது, ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போடும் கருவி. மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு, மலக்குழி கிணறு போன்ற நிலத்தடி நீர் மூலங்களிலிருந்து 30 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இன்னும் தள்ளி. கிணற்றைச் சுற்றி 30 மீற்றர் ஆரையில் வட்டம் போட்டால் அது 11 பரப்புக் காணிக்கு (16 பரப்பு ஓர் ஏக்கர்) மேல் வருகிறது. இரண்டு பரப்பில் வீடு கட்டியிருப்பவர் குழியை எங்கே வெட்டுவார்? பக்கத்து வளவுக்காரரின் சம்மதத்தையும் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை இது என்பதைக் கூட்டத்தில் வாயால் சொன்னபோது யாரும் அசையவில்லை. வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் படத்தைத் திரையில் போட்ட பிறகுதான் பேச்சே மாறியது.

இதே மென்பொருள் அழகாகப் பொய் சொல்லவும் உதவும். தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது. அளந்த கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தையும் தானாகவே கணித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிரப்பித் தரும் கருவி ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் நீர் வெடிப்பு வழியே ஓடுவது. அடுத்தடுத்த இரண்டு கிணறுகளிலேயே அளவு வேறாக இருக்கும். நான் புள்ளிகளை மட்டுமே போடுகிறேன்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையைத் தொடவே வேண்டாம். அதில் அட்டவணை நிரலின் பெயர் 10 பைட்டுக்கு மேல் போகாது. தமிழில் ஒரு குறிக்கே 3 பைட் பிடிக்கும். ‘கிணற்றின் ஆழம்’, ‘கிணற்றின் உரிமை’ இரண்டும் ‘கிண’ என்று நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகையில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆள்கூறு, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள், இன்னொரு தலையிடி. அந்த எண்களைக் கணக்கிடும் இலங்கையின் பழைய வரைபடக் கட்டத்தில் தொடக்க எண் 200,000 மீற்றர். 1999 இன் கட்டத்தில் 500,000. எந்தக் கட்டம் என்ற குறிப்பே இல்லாமல் ஓர் அலுவலகத்திலிருந்து கோப்பு வந்தது. பழைய எண்களைப் புதிய கட்டமாக எடுத்துக்கொண்டால் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் போய் மிதக்கும். இதில் மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். குறிப்பில்லாத அடுக்குக்குப் பக்கத்தில் அது கேள்விக்குறி போட்டுக் காட்டுகிறது. கோப்புக் கொடுக்கிறவர்கள்தான் திருந்த வேண்டும்.

களத்துக்குக் கைத்தொலைபேசியில், கியூஜிஐஎஸ்ஸோடு சேர்ந்து வேலை செய்யும் கியூஃபீல்ட் செயலி போதும். இணையம் இல்லாமலும் ஓடும். மாமர நிழலில் ஜிபிஎஸ் சில மீற்றர் தள்ளிக் காட்டும்போது கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் செய்மதிப் படத்தைப் பார்த்துப் புள்ளியைக் கையால் நகர்த்தச் சொல்கிறேன். பின்னணிக்கு, யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே வீதிகளை வரைந்து கொடுத்தது அதில்தான். இங்கேயும் உதவுகிறது. ஆனால் வானத்திலிருந்து பார்த்து வரைகிறவருக்குப் பனங்கூடலுக்குள் போகும் ஒழுங்கை தெரியாது. யாரோ ஒருவரின் வளவு அவருக்கு வீதியாகத் தெரியும். விதானையாரை (கிராம அலுவலரை) ஒரு தடவை உட்கார வைத்துத் திருத்துவதற்கு ஈடில்லை.

ஒரு வளவில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “பிள்ளை, என் வீட்டை இதில் குறித்து யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?” பட்டியல்களுக்குப் பயந்து வாழ்ந்த ஊர் இது, கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுப் புள்ளி வெளியே போகக் கூடாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. எல்லைக்குள் விழும் புள்ளிகளை எண்ணும் கருவியால் பிரிவுக்கு இத்தனை என்ற தொகையை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். வீடுகள் உள்ள கோப்பைக் கொடையாளர் கேட்டாலும் கொடுப்பதில்லை. இதற்காகச் சிலரோடு மனஸ்தாபமும் உண்டு.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று, புதிதாக வருகிறவரை மிரட்டும் அந்தப் பொத்தான் கூட்டத்துக்கு. நிறுவுகிறவர்கள் நீண்ட கால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரும் புதிய பதிப்பைக் கணக்கெடுப்பு நடக்கும்போது மடிக்கணினியில் ஏற்ற வேண்டாம்.