கிராஸ்ஃப்ளோ, ஃபிரான்சிஸ், இல்லை தலைகீழாக ஓடும் பம்பா?

ஓடைத் தண்ணீரில் சிறிய அளவில் மின்சாரம் எடுக்க எந்த டர்பைனைப் போடுவது என்பதுதான் கேள்வி. தண்ணீர் இறங்கும் உயரம் 100 மீட்டருக்கு மேல், தண்ணீர் கொஞ்சம்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெல்டன் வகை டர்பைன்தான். மூன்று நான்கு மீட்டர்தான் உயரம், ஆனால் தண்ணீர் தாராளம் என்றால் கப்லான் வகைப் பக்கம் போய்விடலாம். குழப்பமெல்லாம் நடுவில்தான்.

20 மீட்டர் உயரம், நொடிக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் இருக்கும் திறன் சுமார் 39 கிலோவாட். ஃபிரான்சிஸ் டர்பைன் அதில் 88 சதவீதத்தை மின்சாரம் எடுக்கத் தரும் செயல்திறனில் ஓடினால் 34 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும், கிராஸ்ஃப்ளோ 75 சதவீதத்தில் 29-ஐத் தொடும். விலைப்புள்ளியில் இந்த ஒரு வரியை மட்டும் பார்த்து ஃபிரான்சிஸை எடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கோடையில் ஓடை 60 லிட்டருக்கு இறங்கும்போது என்ன ஆகும்? ஃபிரான்சிஸின் செயல்திறன் சரசரவென்று விழும், கிராஸ்ஃப்ளோவோ உள்ளே 1:2 என்று பிரித்து வைத்த அறைகளில் சின்னதை மட்டும் திறந்துகொண்டு கிட்டத்தட்ட பழைய செயல்திறன் சதவீதத்திலேயே ஓடும். வருடத்தில் பல மாதம் ஓடை மெலிந்தே கிடக்குமானால், மொத்த யூனிட் கணக்கில் மட்டமானது என்று ஒதுக்கிய கிராஸ்ஃப்ளோ முந்திவிட வாய்ப்பு உண்டு. தவிர அதை ஒரு நல்ல லேத் பட்டறையிலேயே செய்துவிடலாம், சக்கரத்தில் சிக்கும் இலை தழையையும் வெளியேறும் தண்ணீர் ஓரளவு தானாகவே தள்ளிவிடும். ஃபிரான்சிஸுக்கு என் ஓட்டு, நீரோட்டம் வருடம் முழுக்க அதிகம் மாறாத இடத்தில் மட்டும், உதாரணமாக அணையிலிருந்து சீராகத் திறந்துவிடும் வாய்க்காலில்.

சரி, பம்ப்? சாதாரண மையவிலக்குப் பம்புக்குள் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டால் அது டர்பைனாகிவிடும். செலவு குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் தகட்டில் போட்டிருக்கும் அளவை அப்படியே நம்பக்கூடாது, டர்பைனாக ஓடும்போது அதற்கு இன்னும் அதிக உயரமும் ஓட்டமும் வேண்டும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டி இதழ்கள் கிடையாது, வால்வை மூடிக் குறைத்தால் உயரம்தான் வீணாகும். அதனால் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு பம்ப் போட்டு, தண்ணீர் குறையும்போது பெரியதை நிறுத்திவிடுவதுதான் நடைமுறை. மின்கட்டமைப்போடு சேராமல் தனியாக ஓட்டுவதானால், உபரி மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பிவிடும் லோட் கன்ட்ரோலரையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.