ஆர்15 வெர்ஷன் 2: ஒன்பது டிராக் டே, ஒரு ஜாம் ஆன இன்ஜின், அம்மாவின் தையல் டேப்

என் வண்டி 2013 மாடல் யமஹா ஆர்15 வெர்ஷன் 2. 2019-ல் பெங்களூர் அல்சூரிலேயே ஒரு காலேஜ் பையனிடம் 27,000 கிலோமீட்டரில் வாங்கினேன். இப்போது மீட்டர் 58,000-ஐத் தாண்டிவிட்டது. அதில் ஒன்பது டிராக் டே (ரேஸ் டிராக்கில் நம் வண்டியையே ஓட்ட விடும் நாள்) அடக்கம்: எட்டு முறை சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஒரே ஒரு முறை கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே. பெங்களூரில் இருந்துகொண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஓட்ட ஆசைப்பட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் தாண்டி முந்நூறு கிலோமீட்டர் போயாக வேண்டும். முதல் இரண்டு முறை வண்டியை ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்பினேன். அப்புறம் புத்தி வந்து, நாலு பேர் சேர்ந்து குட்டி யானை வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தோம்.

செலவு செய்த வரிசையில்தான் தப்புப் பண்ணினேன். முதலில் இன்ஜினில் கை வைத்தேன், சஸ்பென்ஷனுக்கு அப்புறம்தான் வந்தேன்.

காரணம் வெறும் ரோஷம். 149.8 சிசி, 17 பிஎஸ் பவர். மெயின் ஸ்ட்ரெயிட்டில் டேங்க்மேல் படுத்துக்கொண்டு போனாலும் கேடிஎம் 390 வண்டிகள் விர்ரென்று தாண்டிப் போகும். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் 62 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 177 சிசி ஆக்கித் தருகிறேன் என்றார்கள். ஸ்டாக் போர், அதாவது கம்பெனி கொடுத்த சிலிண்டரின் உள் விட்டம், 57. மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன், வாயில் எச்சில் ஊறியது. 26,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

இந்த வண்டியின் சிலிண்டர் சாதாரண சிலிண்டர் இல்லை. டயாசில் என்று பெயர். கிட்டத்தட்ட 20 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியம். உள்ளே இரும்பு ஸ்லீவே (உள் குழாய்) கிடையாது. கெட்டியான சிலிக்கான் துகள்கள்மேல்தான் பிஸ்டன் ஓடுகிறது. சூடு சீக்கிரம் வெளியேறும், தேய்மானமும் குறைவு. ஆனால் பழைய ஸ்பிளெண்டரைப் போல லேத்தில் கொடுத்து உள்ளே கடைந்து ரீபோர் அடிக்க முடியாது. போர் பெரிதாக வேண்டுமென்றால் இரும்பு ஸ்லீவ் இறக்கிய பிளாக்தான் வழி. அந்தக் கடை அதைத்தான் செய்தது. பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே விட வேண்டிய கேப்பில்தான் கோட்டை விட்டார்கள்.

ஓல்டு மெட்ராஸ் ரோட்டில், ஹொஸ்கோட்டே தாண்டி, ரன்னிங்-இன் முடிந்து நானூறாவது கிலோமீட்டர். ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம், அடுத்த நொடி பின் சக்கரம் பிடித்துக்கொண்டது. கிளட்சை அமுக்கியதால் விழவில்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இளநீர்க்காரரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வில்சன் கார்டனில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) இரண்டு பக்கமும் பூனை பிறாண்டியது போலக் கோடுகள். "தம்பி, ஸ்டாக்குல பிஸ்டனும் அலுமினியம், சிலிண்டரும் அலுமினியம். ரெண்டும் சேர்ந்து விரியும், அதனால கேப் கம்மியா வைக்கலாம். இங்க பிஸ்டன் விரியுது, இரும்பு அந்த அளவுக்கு விரியல. இவன் ஸ்டாக் கேப்பையே விட்டிருக்கான்." அவ்வளவுதான் விஷயம். 26,000 ரூபாய்க்கு இரண்டு நிமிடப் பாடம்.

பழைய டயாசில் பிளாக்கையே திரும்பப் போட்டோம். புது ரிங், வால்வ் லேப்பிங், டேப்பெட், திராட்டில் பாடி கிளீனிங், புது கிளட்ச் பிளேட். பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூடுதல். சைலன்சரைத் தொடவில்லை. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடும் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு ஒரு பக்கம். என் தெருவில் கைக்குழந்தைகள் இருக்கிற வீடுகள் இன்னொரு பக்கம். இன்ஜின் விஷயத்தில் எனக்குப் பலித்தது இந்தச் சாதாரண வேலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 2 நிமிடம் 31 நொடியாக இருந்த என் லேப் (ஒரு சுற்று) நேரம் 2:29 ஆனது. அதில் இன்ஜின் எவ்வளவு, நான் பழகியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த டிராக் டேயில் அனுபவஸ்தர் ஒருவர் எனக்குப் பின்னால் மூன்று லேப் வந்துவிட்டுச் சொன்னார்: "உங்க வண்டி கார்னர் எக்ஸிட்ல உட்கார்ந்து எழுந்திரிக்கவே மாட்டேங்குது. அதான் வெளியே வெளியே போறீங்க."

ஊருக்கு வந்ததும் பின்பக்கத்துக்குப் புது ஷாக் அப்சார்பர் ஆர்டர் போட இருந்தேன். மெக்கானிக் அண்ணன் தடுத்து, பின் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். டக், டக். இந்த வண்டியில் ஷாக் நேராக ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மாட்டியிருக்காது, நடுவில் லிங்க் இருக்கிறது. அந்த லிங்க்கின் பேரிங்குகள் கிரீஸ் பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன; ஒன்று துரு ஏறி இறுகியே போயிருந்தது. முன்னால் கோன் செட்டும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பள்ளம் விழுந்து, ஹேண்டில் நடு சென்டரில் வந்து 'க்ளிக்' என்று நின்றது. இந்தக் கோளாறுகளோடு விலை உயர்ந்த ஷாக் போட்டிருந்தால் இன்னொரு 26,000 கதை ஆகியிருக்கும். பேரிங், புஷ், கோன் செட் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அப்படியே டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள். எனக்கு வந்தது 2315, அதாவது 2015-ன் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று அதிலேயே முதல் டிராக் டே ஓட்டியவன் நான்.

அப்புறம் சாக் அளந்தோம், அதாவது நான் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு. முன் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, டஸ்ட் சீல் வரை கீழே தள்ளிவிட வேண்டும். முழு சூட், ஹெல்மெட், பூட்ஸோடு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால், வண்டி எவ்வளவு அமுங்கியது என்பதை டை காட்டிவிடும். பின்னால் ஆக்சிலிலிருந்து டெயிலில் ஒரு குறி வரை, சக்கரத்தைத் தூக்கி ஒரு அளவு, நான் உட்கார்ந்து ஒரு அளவு. இதைத் தனியாகச் செய்ய முடியாது. பார்க்கிங்கில் அம்மாதான் தையல் டேப்போடு நின்றார். "ஏன்டா, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு அளவைச் சரியாகவே சொன்னார். முன்னால் 46 மில்லிமீட்டர், பின்னால் 44. என் எடை 74 கிலோ. டிராக்குக்கு 30 முதல் 35 வரை போதும்.

குறைக்க முதலில் செய்தது மலிவு வேலை: ஃபோர்க்குக்குள் பிவிசி பைப் வெட்டி ஸ்பேசர் வைத்தேன். எண் சரியாக வந்தது, ஓட்டம் சரியாக வரவில்லை. ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். பிரேக் பிடித்தால் மூக்கு பழையபடி தரையைத் தேடியது. அடுத்து ஃபோர்க்கில் கெட்டியான 20 கிரேடு ஆயில் ஊற்றினேன். இது டேம்பிங் ராட் ஃபோர்க். ஆயில் ஒரே அளவு ஓட்டைகள் வழியாகத்தான் போயாக வேண்டும். மெதுவான அசைவில் சுலபமாகப் போய்விடும், திடீர் அடியில் அடைத்துக்கொள்ளும். கெட்டி ஆயில் ஊற்றியதும் பிரேக்கில் மூக்கு குத்தும் டைவ் குறைந்தது, ஆனால் சின்ன மேடுகளில் முன் டயர் தவளைபோலத் தத்தியது. கடைசியில் என் எடைக்கு ஏற்ற கெட்டி ஸ்பிரிங், 15 கிரேடு ஆயில். பழைய ஆயில் அழுகிய மீன் நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் வந்தது. ஆயில் உயரத்தை ஸ்பிரிங் வெளியே, ஃபோர்க் முழுதாக அமுங்கிய நிலையில், ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

பின்னால் ப்ரீலோட், ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகம்) இரண்டும் திருகக்கூடிய ஷாக், 14,000 ரூபாய். ரீபவுண்டை ஒவ்வொரு செஷனுக்கும் இரண்டு க்ளிக், ஒரே திசையில் மட்டும் மாற்றி, சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். முழுக்க இறுக்கியதிலிருந்து ஒன்பது க்ளிக் வெளியே என்பதில் நின்றது. அன்றைக்கு மாலை 2:23. இன்ஜினில் ஒரு குதிரைகூடக் கூடவில்லை. ஸ்ட்ரெயிட்டில் 390-கள் இன்னமும் தாண்டித்தான் போகின்றன. கார்னருக்குள் அவர்கள் பிரேக் விளக்கு எனக்கு ரொம்பக் கிட்டத்தில் தெரிகிறது.

இதற்கு விலை ஊருக்குள் கொடுக்கிறேன். டின் ஃபேக்டரியிலிருந்து சில்க் போர்டு வரை ஒருமுறை போய்வந்தால் முதுகெலும்பை எண்ணிச் சொல்லலாம். அம்மா ஒருநாள் சிவாஜிநகர் மார்க்கெட் வரை பின்னால் உட்கார்ந்து வந்தார், திரும்பும்போது ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். ஊருக்குள் ஓட்டும் நாட்களில் ப்ரீலோடையும் ரீபவுண்டையும் கொஞ்சம் தளர்த்தி வைக்கிறேன், இருந்தாலும் ஸ்பிரிங் கெட்டிதானே.

போன மாதம் இடது ஃபோர்க் சீல் கசிய ஆரம்பித்திருக்கிறது. சீல், ஆயில் இரண்டும் வாங்கி வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிரிக்க வேண்டும். தையல் டேப் இன்னும் என் டூல் பாக்ஸில்தான் இருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.